பிளக் பொருந்தினால் போதுமா?

கேள்வி: நாங்கள் ஆறு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறோம். என் கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது; இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். நடுவில் பத்து நாள் ஜப்பானைச் சுற்றிப் பார்க்கவும் திட்டம். வீட்டில் இரண்டு லேப்டாப், இரண்டு செல்போன், 55 அங்குல டிவி, பிரிண்டர், மைக்ரோவேவ், கேம் கன்சோல், ஹேர் டிரையர், எலக்ட்ரிக் டூத்பிரஷ், பேபி மானிட்டர், கார்ட்லெஸ் போன் என்று நிறையச் சேர்ந்துவிட்டது. "பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கிவிட்டால் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடலாம்" என்கிறார் அவர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி? ஜப்பானில் ஒரு கேமரா வாங்கவும் ஆசை. வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலில் ஏறக்குறையப் பாதியை நீங்கள் கொண்டுபோகலாம், மீதியை விற்றுவிடலாம். டிரான்ஸ்பார்மர் மட்டும் வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் நான் சொல்லாமல் விட்ட பொருளுக்கும் நீங்களே முடிவெடுத்துக்கொள்ள முடியும்.

இருபது வருடத்துக்கும் மேலாக ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நாடு மாறி வந்து கருகிப்போன பொருளைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "பிளக் நன்றாகப் பொருந்தியது, அதனால் போட்டேன்." டிராவல் அடாப்டர் என்று கையடக்கமாக ஒன்று விற்கிறதே, அது பிளக்கின் கால்களை மட்டும்தான் மாற்றிக் கொடுக்கும். சுவரிலிருந்து வருகிற மின்சாரம் அப்படியே உள்ளே போகும். பிளக் பொருந்துவது ஒரு விஷயம், மின்சாரம் பொருந்துவது இன்னொரு விஷயம். அதற்கும் அப்புறம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. போன், மானிட்டர், டிவி போன்றவை அந்த நாட்டின் ரேடியோ அலைகளோடும் பொருந்த வேண்டும். முதலாவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அது மூன்றிலும் சுலபமானது.

முதலில் மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 துடிப்பு. ஜெர்மனியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்திலோ அடியிலோ சார்ஜரின் முதுகிலோ பொடி எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், வெறும் கண்ணுக்குப் பல லேபிள்கள் எட்டாது. "இன்புட்" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது உலகத்தில் எங்கேயும் ஓடும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் ஜெர்மனியில் நேரடியாகச் செருகவே கூடாது. "அவுட்புட்" என்றும் ஒரு வரி இருக்கும். அது சார்ஜரிலிருந்து சாதனத்துக்குப் போவது. அவசரத்தில் அதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர், இப்போதைய கேம் கன்சோல் இவற்றிலெல்லாம் அநேகமாக 100-240 இருக்கும். தயாரிப்பாளர்கள் நம்மேல் இரக்கப்பட்டு இப்படிச் செய்ததாக நினைக்க வேண்டாம். இந்தச் சார்ஜர்கள் வருகிற மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கிவிட்டு, அதை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தேவையான அளவுக்குக் குறைக்கின்றன. உள்ளே வருவது 120 ஆனாலும் 230 ஆனாலும் வெட்டும் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சார்ஜர் லேசாக, கைக்கு அடக்கமாக இருப்பதற்கும் இந்த முறைதான் காரணம். வீட்டில் எங்காவது அளவுக்கு மீறிக் கனமாக, செங்கல் துண்டு மாதிரி ஒரு பழைய அடாப்டர் இருந்தால் அதன்மேல் சந்தேகம் கொள்ளுங்கள். உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர் இருக்கும், அதற்கு ஒரே வோல்ட்தான் தெரியும்.

ஹேர் டிரையர் கதை வேறு. அதற்குள் இருப்பது சூடேறும் கம்பிச் சுருளும் ஒரு சின்ன மோட்டாரும். 1500 வாட் டிரையரை எடுத்துக்கொள்வோம். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர் இழுக்கும், அதன் தடை 9.6 ஓம். அதே சுருளை 230 வோல்ட்டில் போட்டால் 24 ஆம்பியர் பாயும். வாட் கணக்கில் சொன்னால் 5500. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். உண்மையில் அது ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஜெர்மன் பிளக் பாயிண்ட்டின் தாங்கும் அளவே 16 ஆம்பியர்தான். சுருள் செக்கச் சிவந்து, பிளாஸ்டிக் கூடு இளகி வாடை வரும். அதற்குள் உள்ளிருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் அறுந்தால் உங்கள் நல்ல நேரம். டிரையரின் கைப்பிடியில் 125/250 என்று திருகி மாற்றும் ஒரு சின்னப் பொத்தான் இருந்தால் மட்டும், நாணயத்தாலோ ஸ்க்ரூ டிரைவராலோ அதை 250-க்குத் திருப்பிவிட்டு எடுத்துப் போகலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் கணவர் சொல்லும் டிரான்ஸ்பார்மருக்கு வருகிறேன். அவர் யோசனை தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். 230-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் 1500 வாட் மைக்ரோவேவுக்கோ டிரையருக்கோ தாங்க வேண்டுமென்றால் 2000 வாட்டுக்காவது வாங்க வேண்டும், அது பத்துக் கிலோ எடையைத் தொடும். எதுவும் ஓடாதபோதும் மெல்ல ரீங்காரமிட்டுக்கொண்டு கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை, அது வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த மைக்ரோவேவுக்குள் கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அது தேவைக்கு மேல் சூடாகும். மாறுமின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் உள்ள பொருள்கள் மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த படுக்கையறைக் கடிகார ரேடியோவை டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டிவிட்டு, "கெட்டுப்போய்விட்டது, நேரம் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்த வகைக் கடிகாரம் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டும். 60 துடிப்பு வந்தால் ஒரு விநாடி என்று அதற்குக் கணக்கு. இங்கே ஒரு விநாடியில் 50 துடிப்புத்தான் வருகிறது. ஆகவே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தால், காலை 6 மணிக்கு அது 4.40 காட்டிக்கொண்டிருக்கும். பழுதே இல்லாத பொருளுக்கு நான் என்ன ரிப்பேர் செய்ய முடியும்?

நீங்கள் போகப்போகும் ஜப்பானில் ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தத் தகராறு இருக்கிறது. 1890-களில் டோக்கியோவுக்கு ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதனால் இன்றைக்கும் கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கு ஜப்பானில் 60. ஃபூஜி ஆற்றை ஒட்டி எல்லைக்கோடு போகிறது. வோல்ட் மட்டும் நாடு முழுக்க 100. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கொள்முதல் முடிவு இன்னும் வீட்டுச் சாமான்களில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதே இல்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எழுதவில்லையே தவிர, உங்கள் வீட்டில் அது கட்டாயம் இருக்கும். டேபிளுக்கு அடியில் ஐந்தாறு பிளக் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். "லேப்டாப், கன்சோல் எல்லாம் 100-240தானே, அமெரிக்க பிளக்கை வெட்ட வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே கொண்டுபோய் ஒரே ஒரு அடாப்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் செருகிவிடலாம்" என்று கெட்டிக்காரத்தனமாக யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது. வெளியே ஒரு பக்கம் பழுப்பேறி உப்பியிருந்தது. திருகுகளைக் கழற்றித் திறந்தால், பெரிய மாத்திரை அளவில் நீல நிறத்தில் வட்டமாக இருக்க வேண்டிய ஒரு பாகம் இரண்டாகப் பிளந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. பக்கத்துக் கம்பியின் உறை உருகி ஒட்டியிருந்தது. மின்னலாலோ வேறு காரணத்தாலோ வோல்ட் திடீரென்று எகிறினால் அதை உறிஞ்சிக்கொள்வதுதான் அந்த நீல வட்டத்தின் வேலை. அமெரிக்கப் பெட்டியில் இருப்பது 120 வோல்ட் வீட்டுக்கென்று தேர்ந்தெடுத்தது. 230 வோல்ட் வரும்போது, சாதாரண மின்சாரத்தையே எகிறல் என்று நினைத்து விடாமல் உறிஞ்ச ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் வெடிக்கும். அந்த வீட்டில் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில், திரைச்சீலைக்கு அடியில் இருந்தது என்று அவர்கள் சொன்னபோதுதான் எனக்குப் பகீரென்றது. குழந்தை உள்ள வீடு உங்களுடையது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அங்கேயே விட்டுவிட்டு ஜெர்மனியில் போய் இறங்கிய முதல் நாளே ஒன்று வாங்கிவிடுங்கள்.

அடாப்டரும் நிறைய வாங்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாத, மிகச் சுலபமான வழி. லேப்டாப் சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகிற ஒயரை இழுத்துப் பாருங்கள், தனியாகக் கழன்று வரும். அதன் முனை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: எட்டு எழுதியதுபோல் இரண்டு துளை, மூன்று இலை சேர்ந்ததுபோல் மூன்று துளை, பிரிண்டரிலும் டெஸ்க்டாப்பிலும் இருக்கும் பெரிய மூன்று துளை. இவை உலகம் முழுக்க ஒரே அளவு. ஜெர்மன் பிளக் உள்ள ஒயரை மட்டும் வாங்கி மாற்றிவிட்டால் அது அந்த நாட்டுச் சார்ஜராகவே ஆகிவிடும். அமெரிக்க ஒயரில் 125 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், ஆகவே மாற்றுவது பாதுகாப்புக்கும் நல்லது.

மூன்று துளை உள்ளதற்கு எர்த் உள்ள ஒயரையே வாங்குங்கள். காரணம் உங்கள் விரல் நுனியிலேயே தெரியும். உலோக உடம்புள்ள லேப்டாப்பை, எர்த் இல்லாத அடாப்டரில் சார்ஜ் போட்டுக்கொண்டு மேல்பக்கத்தை லேசாகத் தடவினால் ஒரு குறுகுறுப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சார்ஜருக்குள் மின்சார இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. அது கசியவிடும் துளி மின்சாரம் எர்த் வழியே போக வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடம்பில் நின்று உங்கள் கைவழியே தரையைத் தேடுகிறது. நல்ல சார்ஜர் என்றால் ஆபத்தில்லாத அளவுதான். 120 வோல்ட்டில் உணராமல் இருந்ததை 230 வோல்ட்டில் உணர்வீர்கள். லேப்டாப் கெட்டுவிட்டதோ என்று பயப்படாமல் ஒயரை மாற்றுங்கள். இரண்டு கால் மட்டுமே உள்ள சார்ஜர் என்றால் அந்தக் குறுகுறுப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

யு.எஸ்.பி. சி வகைச் சாதனங்களுக்கு இந்தக் கவலைகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் போன்றவற்றுக்கு யு.எஸ்.பி. சி கட்டாயம். லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அங்கே 65 அல்லது 100 வாட் சார்ஜர் ஒன்று நல்லதாக வாங்கிவிட்டால் வீட்டில் பாதிச் சாமானுக்கு அதுவே போதும்.

டூத்பிரஷ்ஷில் ஏமாறாதீர்கள். பார்க்கச் சின்னதாக, சார்ஜர் மாதிரியேதான் இருக்கும், ஆனால் அமெரிக்காவில் விற்கும் பல டூத்பிரஷ் ஸ்டாண்டுகள் 110-130 வோல்ட் மட்டும் தாங்குபவை. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஸ்டாண்டை மட்டும் அங்கே வாங்கலாம். பிரிண்டர் மின்சாரத்தில் தேறினாலும் மையில் மாட்டும்: சில நிறுவனங்கள் மை கார்ட்ரிட்ஜைப் பிராந்தியம் பிரித்துப் பூட்டி வைத்திருக்கின்றன, ஐரோப்பாவில் வாங்கிய கார்ட்ரிட்ஜை அமெரிக்க பிரிண்டர் ஏற்காது. விற்றுவிடுங்கள். மைக்ரோவேவையும்.

இனி அலைகள். செல்போனில்தான் உங்களுக்குப் பெரிய வேலை இருக்கிறது, அதை அமெரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டும். போனைத் தவணையில் வாங்கியிருந்தால் அது அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். தவணையை முடித்து அன்லாக் செய்யச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் "அபவுட்" பகுதியில் கீழே போனால் சிம் கட்டுப்பாடு இல்லை என்று வர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும், வாடிக்கையாளர் சேவையில் வாயால் சொன்னதை நம்பிக் கிளம்பிவிட்டு அடுத்த நாட்டிலிருந்து மணிக்கணக்கில் போனில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது அலைவரிசை. ஒவ்வொரு நாடும் 4ஜி, 5ஜிக்கு வெவ்வேறு அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கிறது, அவற்றுக்கு எண் உண்டு. ஜெர்மனியில் 4ஜிக்கு 1, 3, 7, 8, 20, 28 என்ற எண்கள் முக்கியம். 5ஜிக்கு 78. இதில் 20 என்பது 800 மெகாஹெர்ட்ஸ் பகுதி. அலை நீளமானதால் வெகுதூரம் போகும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். ஊருக்கு வெளியேயும் கட்டடங்களுக்கு உள்ளேயும் சிக்னல் தருவதில் அதற்குப் பெரிய பங்கு. அமெரிக்காவுக்கென்றே செய்த மலிவு விலை போன்கள் சிலவற்றில் இந்த 20 இருக்காது. நகரத்து வீதியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போன் லிஃப்டுக்குள்ளும் ரயிலிலும் ஊமையாகும். போனின் மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும், ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

குரல் அழைப்பையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி வழியே பேசும் வசதியை அந்த நாட்டு நிறுவனம் உங்கள் போனுக்கு அனுமதிக்காவிட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கும், பேசும்போது இன்டர்நெட் நின்றுபோகும். ஆஸ்திரேலியாவில் இது இன்னும் கடுமை. 2024 அக்டோபரில் 3ஜியை நிறுத்தியபோது, 4ஜியில் அவசர உதவி எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே விலக்கச் சொல்லி விதி வந்தது. அப்புறம் துருக்கி மாதிரியான நாடுகள் இருக்கின்றன. வெளிநாட்டில் வாங்கிய போனை அங்கே பதிவு செய்யாமல் உள்ளூர் சிம்மோடு 120 நாளுக்கு மேல் பயன்படுத்தினால் போன் முடக்கப்படும். ஜெர்மனியில் அப்படிப் பதிவெல்லாம் இல்லை.

உங்கள் போன் ஐபோன் 14 அல்லது அதற்கு அடுத்து வந்ததாக இருந்தால், அமெரிக்க மாடல்களில் சிம் செருகும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஜெர்மன் நிறுவனங்கள் இ-சிம் தருகின்றன, கவலை இல்லை. ஆனால் அமெரிக்க எண்ணை உடனே துறந்துவிடாதீர்கள். வங்கிகள் ஓ.டி.பி. அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றுக்கு அதை மாற்றிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பேபி மானிட்டரையும் கார்ட்லெஸ் போனையும் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்: கொண்டுபோகாதீர்கள். அமெரிக்கக் கார்ட்லெஸ் போன்கள் 1920-1930 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ஐரோப்பாவில் கார்ட்லெஸ்ஸுக்கு ஒதுக்கியது 1880-1900. 1920-க்கு மேல் அங்கே செல்போன்கள் டவரோடு பேசுகிற இடம். உங்கள் கார்ட்லெஸ் போன் சுகமாக வேலை செய்வதுபோலத்தான் உங்களுக்குத் தெரியும், சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களின் செல்போன் அழைப்புதான் சிதறும். யாரோ ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். சட்டப்படியும் அங்கே பயன்படுத்தக் கூடாது. 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் அமெரிக்க பேபி மானிட்டர்களுக்கும் இதே கதிதான். வைஃபை வழியே ஓடும் மானிட்டர் என்றால் எடுத்துப் போகலாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் உலகப் பொது.

பொது என்றாலும் அதிலும் ஒரு சின்ன மேடுபள்ளம் உண்டு. அமெரிக்காவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 சேனல் வரைதான் பயன்படுத்துகிறார்கள், ஐரோப்பாவில் 13 வரை. புது வீட்டு ரூட்டர் தானாகவே 12 அல்லது 13-ஐப் பிடித்துக்கொண்டால், சில அமெரிக்கச் சாதனங்களின் கண்ணுக்கு அந்த வைஃபை தெரியவே தெரியாது. கணவரின் லேப்டாப்பில் வருகிறது, மானிட்டரில் வரவில்லை என்றால் ரூட்டரில் சேனலை 1, 6, 11-ல் ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். அமெரிக்க ரூட்டரை எடுத்துப் போக வேண்டாம்.

கேம் கன்சோலில் பிளேஸ்டேஷன் 5, நிண்டெண்டோ ஸ்விட்ச் இரண்டுக்கும் விளையாட்டு டிஸ்க்கிலோ கார்ட்ரிட்ஜிலோ நாட்டுப் பூட்டு கிடையாது. கணக்குக்குத்தான் நாடு உண்டு, அமெரிக்கக் கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தைக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். படம் பார்க்கும் டிவிடி, புளூரே டிஸ்க்குகளுக்குப் பூட்டு உண்டு. அமெரிக்க டிவிடி மண்டலம் 1, ஜெர்மனி மண்டலம் 2. குழந்தைக்குப் பிடித்த டிஸ்க்குகள் இருந்தால் பிளேயரையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டியிருக்கும், அதன் லேபிளையும் பாருங்கள்.

ஜப்பான் கேமராவுக்கு வருவோம். லென்ஸ் வாங்குவதென்றால் யோசிக்கவே வேண்டாம். கேமரா உடம்பு வாங்கும்போது கடையில் நின்றே ஆன் செய்து, மெனுவில் மொழி மாற்றும் இடத்தைத் திறந்து பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென்று சோனி செய்யும் பல கேமராக்களில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழியே கிடையாது, பின்னால் மாற்றவும் வழி இல்லை. வெளிநாட்டவருக்கென்று பல மொழி மாடல் தனியாக உண்டு, கேட்டு வாங்க வேண்டும். வாரண்டி அட்டையையும் வாங்கும் முன்பே பிரித்துப் பார்த்துவிடுங்கள், ஜப்பானுக்குள் மட்டும் செல்லும் என்றால் ஜெர்மனியில் பழுதானால் செலவு உங்களுடையது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குடிபெயர்ந்து வருகிறவர்கள் ஆறு மாதமாவது பயன்படுத்திய வீட்டுச் சாமான்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். உங்கள் லேப்டாப், கன்சோல் எல்லாம் அதில் அடங்கும், பழைய ரசீதுகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் டோக்கியோவில் வாங்கிய கேமரா அதில் அடங்காது. விமானத்தில் வரும் பயணிக்கு விலக்கு 430 யூரோ வரைதான். அதற்கு மேற்பட்ட கேமராவையோ லென்ஸையோ சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். ஜப்பானில் வரி கழித்துக் கொடுக்கிறார்களே என்று மகிழ்ந்து, இந்தப் பக்கம் கட்ட வேண்டியதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டையும் கூட்டிக் கழித்த பிறகும் லாபம் என்று தோன்றினால் வாங்குங்கள். என்னைக் கேட்டால் ஜப்பானில் லென்ஸ், ஜெர்மனியில் கேமரா.

மூட்டை கட்டும்போது பவர் பேங்கையும் தனி பேட்டரிகளையும் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். கொள்ளளவு 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

டிவியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதன் லேபிளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் ஒரு மாடலை 100-240க்கும், இன்னொன்றை அமெரிக்காவுக்கென்று 120க்கு மட்டும் செய்யும். அப்புறம், அமெரிக்க டிவிக்குள் இருக்கும் டியூனர் ஏ.டி.எஸ்.சி. முறை. ஜெர்மனியின் ஒளிபரப்பு டி.வி.பி. முறை. ஆன்டெனாவையோ கேபிளையோ நேராகச் செருகினால் ஒரு சேனலும் வராது. செட்டாப் பெட்டி, கன்சோல், ஸ்ட்ரீமிங் குச்சி இவற்றை எச்.டி.எம்.ஐ.யில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டிவியின் பின்பக்க லேபிளை, மாடல் எண்ணும் தெரியும்படி படமெடுத்து இந்த வாரமே அனுப்புங்கள். 120 மட்டும் என்றிருந்தால் விற்க உங்களுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.